தார்சாவில் ஒரு பேறுகாலம்: சினையான தெருநாயை ஃபாஸ்டர் எடுப்பவர்களுக்கு (தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு)

வயிறு தள்ளிய தெருநாய் ஒன்றைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள், முதலில் நாள்கணக்கைப் பாருங்கள். நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள், நம் கண்ணில் படும்போது அதில் பாதிக்குமேல் போயிருக்கும். மிச்சமிருக்கும் நாள்கள், குட்டி போட்ட பிறகு எட்டு வாரம், அப்புறம் தாய்க்குக் கருத்தடை, தையல் ஆறப் பத்து நாள் என்று கூட்டினால் மூன்று மாதம் வந்துவிடும். இந்த மூன்று மாதமும் குடும்பத்தோடு ஊருக்குப் போக முடியாது, கல்யாண வீட்டில் ராத்தங்க முடியாது, வீட்டில் ஒரு அறை உங்களுடையது இல்லை. சரி என்றால் மேலே படியுங்கள். முடியாது என்றால் அதில் தப்பே இல்லை, இருக்கிற இடத்திலேயே தினமும் சோறும் தண்ணீரும் வைப்பதும் பெரிய உதவிதான்.

சில சமயம் அதுவே நல்ல உதவியும்கூட. குட்டி போட இன்று நாளை என்றிருக்கும் நாய், மேடான, மழை படாத, ஆள் நடமாட்டமில்லாத ஒரு மூலையைத் தானே தேடிப் பிடித்துவிட்டது என்றால் அதைக் கிளப்பாதீர்கள். புது இடத்தில் மிரண்டுபோன நாய்க்கு வலி வந்து நின்றுபோகலாம், குட்டியை ஏற்காமலும் போகலாம். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் வாய்க்கால் ஓரம், பாலத்தடி, ஆற்றங்கரைப் புதர் என்றால் யோசிக்கவே வேண்டாம், எடுத்துவிடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி திருநெல்வேலி சந்திப்புப் பகுதி வரைக்கும் ஏறி நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோமே, அந்த மாதிரி இரவில் கண் திறக்காத குட்டிகளை எந்தத் தாயாலும் ஒவ்வொன்றாகக் கவ்விக் கரையேற்ற முடியாது.

எனக்குச் செவலை என்ற நாய் வந்தது அப்படித்தான். பாளையங்கால்வாய் ஓரத்தில் ஒரு சின்னப் பாலத்துக்கு அடியில் படுத்திருந்தாள், தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது, தண்ணீர் பாலத்தின் கல்லைத் தொட ஒரு சாண்தான் பாக்கி. நான் இருப்பது பாளையங்கோட்டையில் ஒரு வளவுக்குள் (பல வீடுகள் சேர்ந்த ஒரே வளாகம்), வாடகை வீடு. வீட்டுக்காரர் ஒரு ஆச்சி. நாயைக் கண்டதும் ஆச்சி சொன்னது, “பட்டாசலுக்குள்ள ஏத்தாத, தார்சாவில வச்சுக்க.” பட்டாசல் என்பது உள்கூடம், தார்சா வாசலை அடுத்த முன்பகுதி. அதுவே பெரிய அனுமதி. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்த ஒரு வார்த்தையை முதலிலேயே வாங்கிவிடுங்கள், குட்டி போட்ட பிறகு காலி செய்யச் சொன்னால் எங்கே போவீர்கள்.

வந்த முதல் வாரம்

குளிப்பாட்ட வேண்டாம். நாற்றம் அடிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள், மிரண்டிருக்கும் சினை நாயைத் தண்ணீரில் நிறுத்திப் பிடிப்பதுபோல முட்டாள்தனம் வேறில்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும். உண்ணி இருந்தால் கையாலோ இடுக்கியாலோ எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மாட்டுக்கு ஊற்றும் உண்ணி மருந்தை, ‘எங்க வீட்டு நாய்க்கு ஊத்தினோம், ஒண்ணும் ஆகல’ என்று யார் சொன்னாலும் சினை நாய்க்கு ஊற்றாதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் இரண்டு வாரமாவது இரண்டையும் தனித்தனியாக வையுங்கள், தட்டு, தண்ணீர்ச் சட்டி உட்பட. தெருவில் இருந்து வரும் நாயோடு பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்களும் வரலாம்.

இரண்டு மூன்று நாளில் பழகியதும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கேயோ பக்கத்து கால்நடை மருந்தகத்திலோ காட்டலாம். ஸ்கேன் 25, 30 நாளுக்கு மேல் இருந்தாலே சினையைக் காட்டிவிடும், ஆனால் எத்தனை குட்டி என்று எண்ண எக்ஸ்ரேதான் சரி, அதுவும் கடைசி இரண்டு வாரத்தில், குட்டிகளின் எலும்பு கெட்டியான பிறகு. இந்த எண்ணிக்கை ரொம்ப முக்கியம். ஆறு குட்டி என்று தெரிந்தால்தான் ஐந்தாவதோடு வலி நின்றபோது உள்ளே ஒன்று மாட்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். புழு மருந்து, தடுப்பூசி எல்லாம் டாக்டர் சொன்னால் மட்டும். சில தடுப்பூசிகள் சினைக்காலத்தில் போடக்கூடாதவை.

கிளம்பும் முன் இன்னொரு கேள்வி கேட்டு வையுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்குச் சிக்கல் என்றால் யாருக்கு போன் செய்வது? இரண்டு நம்பராவது வாங்கிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். நாயை ஏற்றுகிற ஆட்டோ அண்ணாச்சி ஒருவரையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள், நடுராத்திரியில் நாய் என்றதும் முகம் சுளித்துக் கிளம்பிப் போகிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம் உங்கள் உடம்பு. நாய் பல்லோ நகமோ பட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு ஆஸ்பத்திரி, வெறிநாய்க்கடி ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாள்களில். ‘சின்னக் கீறல்தானே’ என்று மஞ்சள் வைத்துவிட்டு இருக்க வேண்டாம்.

என்ன போடுவது

சோறும் கோழியும்தான் நம் ஊரில் கைக்கு எட்டுவது, தாராளமாகப் போடலாம். கறிக்கடையில் கழுத்து, ஈரல், தோல் என்று கேட்டு வாங்கினால் செலவு குறையும். உப்பு, மசாலா எதுவும் வேண்டாம், வெந்த எலும்பை எடுத்துவிடுங்கள், உடைந்தால் ஊசி மாதிரி குத்தும். ஈரல் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் போதும். அவித்த முட்டை தினம் ஒன்று. மீந்துபோன குழம்புச் சோறு கூடாது, அதில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. பாயசத்தில் கிடக்கும் திராட்சையும் அப்படியே. கையில் காசு இருந்தால் பப்பிகளுக்கென்று விற்கிற உலர்தீவனத்தைத் தாய்க்கே போடுங்கள், சினையின் கடைசி மூன்று வாரத்துக்கும் பால் கொடுக்கும் காலத்துக்கும் அதுதான் பொருத்தம்.

கடைசி வாரங்களில் குட்டிகள் வயிற்றை அடைத்துக்கொள்வதால் ஒரே தடவையில் அதிகம் தின்ன முடியாது. நாலு வேளையாகப் பிரித்து வையுங்கள். மொத்த அளவு வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு வரை போகலாம்.

கால்சியம் டானிக் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நானே ஏமாந்தேன். ஒரு மருந்துக்கடையில் ‘சினை நாய்னா தினமும் கால்சியம் ஊத்துங்க, குட்டி எலும்பு நல்லா இருக்கும்’ என்று ஒரு பாட்டிலைத் தலையில் கட்டினார்கள், நானும் நல்லதுதானே என்று நாலு நாள் ஊற்றினேன். டாக்டர் வாங்குவாங்கென்று வாங்கிவிட்டார். சினையில் வெளியிலிருந்து கால்சியம் கொட்டினால், எலும்பில் இருப்பதை எடுத்துப் பயன்படுத்தும் வேலையை உடம்பு நிறுத்திவிடுகிறது. குட்டி போட்டதும் பாலில் கால்சியம் திடீரென்று வெளியேறும்போது ரத்தத்தில் அளவு இறங்கி வலிப்பு வந்துவிடும். நல்ல சாப்பாடு போடுங்கள், பாட்டிலை மூடி வையுங்கள்.

பெட்டி

தாய் கால் நீட்டிப் படுத்தாலும் பக்கத்தில் இடம் மிஞ்ச வேண்டும். நடுத்தர நாட்டு நாய்க்கு நாலடிக்கு மூணடி சரியாக இருக்கும். பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி போதும், பிளைவுட் என்றால் இன்னும் நல்லது. சுவர் ஒரு அடி உயரம், ஒரு பக்கம் மட்டும் தாய் தாண்டிப் போக வெட்டு. உள்பக்கம் சுற்றிலும், தரையில் இருந்து நாலு அங்குலம் உயரத்தில், சுவரை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி ஒரு பிவிசி குழாயைக் கட்டிவிடுங்கள். தாய் சுவரோடு சாய்ந்து படுக்கும்போது நடுவில் மாட்டும் குட்டிக்கு அந்தக் குழாய்க்குக் கீழே ஒரு சந்து கிடைக்கும். நசுங்கிச் சாகும் குட்டிகளில் பல இந்த ஒரு குழாய் இல்லாமல் சாகின்றன.

விரிப்புக்குப் பழைய சாரம் (கைலி), பருத்தி வேட்டி. நிறைய சேர்த்து வையுங்கள், நீங்கள் நினைப்பதுபோல இரண்டு மடங்கு வேண்டியிருக்கும். சாக்கு வேண்டாம், பிரியும் நூலில் குட்டியின் கால் சுற்றிக்கொள்ளும். செய்தித்தாள் அடியில் கிடக்கலாம், மேலே துணி இருக்க வேண்டும், வழுக்குகிற தாளில் தவழும் குட்டிக்குக் கால் விரிந்துபோகும்.

எறும்பு! இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பிறந்த ஈரத்தோடு கிடக்கும் குட்டியை எறும்பு மொய்த்தால் கண், மூக்கு, தொப்புள் என்று கடித்துவிடும். பெட்டியைச் செங்கல்லின் மேல் ஏற்றி, செங்கற்களை அகலமான தண்ணீர்த் தட்டுகளில் வைத்துவிட்டேன், பழைய மீன்சேஃப் (சாப்பாடு வைக்கும் வலை அலமாரி) காலுக்கு நம் வீடுகளில் வைப்பார்களே, அதே வித்தை. எறும்புச் சாக்பீஸ், பூச்சிப்பொடி எதுவும் பெட்டிப் பக்கம் போகக்கூடாது, தாய் நக்கும், குட்டிக்குப் போய்ச் சேரும்.

குட்டி போடுவதற்குப் பத்து நாள் முன்னாலேயே அந்தப் பெட்டியில் சோறு வைத்துப் பழக்குங்கள். தீபாவளி அன்று செவலை நடுங்கிப்போய்த் தார்சாவில் இருந்து ஓடிக் குளியலறைக்குள் புகுந்துகொண்டாள், பெட்டியையும் பின்னாலேயே உள்ளே தள்ளிப் பழைய போர்வையால் வாசலை மூட வேண்டியதாயிற்று. ஆச்சி அன்று ராத்திரி தானே பட்டாசல் கதவைத் திறந்துவிட்டார். சித்திரை, வைகாசியில் கொடை நடக்கும் கோயிலுக்குப் பக்கத்து வீடு என்றால் மைக்செட் போடும் நாளையும் வேட்டுச் சத்தத்தையும் கணக்கில் வைத்து உள்ளறையாகப் பாருங்கள்.

அந்த ராத்திரி

கடைசி வாரத்தில் காலையும் மாலையும் வெப்பமானி வையுங்கள், ஆசனவாயில், முனையில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி. வழக்கமாக 101, 102 பாரன்ஹீட் இருக்கும். 99-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் குட்டி. தொட விடாத நாயோடு மல்லுக்கட்ட வேண்டாம், அதன் நடத்தையே சொல்லிவிடும்: சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பும், எழும்பும், படுக்கும், துணியைப் பிறாண்டிக் குவிக்கும், காரணமில்லாமல் மூச்சு வாங்கும். இது ஆறு மணி நேரமும் நடக்கும், ஒரு நாள் முழுக்கவும் நடக்கும்.

இந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது அனேகமாக ஒன்றுமில்லை. நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆச்சி உள்ளே இருந்து கத்தினார், “ஏல, நாய்க்குப் பேறுகாலம் பாக்கதுக்கு நீ என்ன மருத்துவச்சியால? பிள்ளைத்தாச்சிய இப்படி எட்டி எட்டிப் பாத்தா அது எப்படில பெறும்? அங்கன போய் உக்காரு.” நானும் பத்தடி தள்ளி, சுவரோரமாக, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் முதல் குட்டி வந்துவிட்டது. நாய் வளர்ப்பில் எனக்குக் கிடைத்த அறிவுரைகளிலேயே பெரியது அதுதான். வேடிக்கை பார்க்க அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிடுவது, போனில் படம் எடுப்பது, தடவிக் கொடுப்பது எல்லாமே நாயின் வலியை நிறுத்திவைக்கும்.

உட்கார்ந்த இடத்தில் இவை இருக்கட்டும்: சுத்தமான துணிகள், கொதிக்கவைத்த கத்தரி, கெட்டி நூல், பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி, ஒரு பேனா, கிழித்த காலண்டர் தாள். ஒவ்வொரு குட்டியும் வந்த மணியை அந்தத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள், நஞ்சு (நஞ்சுக்கொடி) விழுந்ததா என்பதையும் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக் குறியுங்கள். குட்டிக்கு ஒரு நஞ்சு. தாய் அதைத் தின்னும், தின்னட்டும், எல்லாவற்றையும் தின்றால் மறுநாள் பேதியாகலாம், அதனால் ஒன்றிரண்டை எடுத்துவிடலாம். தலை முதலில் வந்தாலும் பின்கால் முதலில் வந்தாலும் நாய்க்கு இரண்டும் சகஜம், பதற வேண்டாம்.

செவலைக்கு முதல் இரண்டும் நாற்பது நிமிட இடைவெளியில் சுளுவாக வந்துவிட்டன. மூன்றாவது வந்தபோது அவள் களைத்துத் தலையைப் போட்டுவிட்டாள். குட்டி பையோடு கிடந்தது, கண்ணாடித்தாளில் சுற்றிய மாதிரி, உள்ளே வாய் ஒருமுறை திறந்து மூடியதைப் பார்த்தேன். ஒரு நிமிடம் பார்ப்பேன் என்று நினைத்து வைத்திருந்தேன், அவள் திரும்பவில்லை. மூக்குப் பக்கம் பையைக் கிள்ளிக் கிழித்தேன், துணி முனையால் மூக்கையும் வாயையும் துடைத்துத் தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, சாரத் துணியால் முதுகைத் தேய்த்தேன், பாத்திரம் துலக்குகிற அழுத்தத்தில். நாலைந்து தேய்ப்புக்கு ஒன்றுமில்லை. அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குச் செவலை தலையைத் தூக்கினாள், உடனே அவளிடமே கொடுத்துவிட்டேன். குட்டியைக் காலைப் பிடித்துத் தலைகீழாக வீசி உதறும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, கூடாது, மூளையில் ரத்தம் கசியும். தொப்புள்கொடியை அவள் கடிக்காவிட்டால் மட்டும், வயிற்றில் இருந்து ஒரு அங்குலம் விட்டு நூலால் கட்டி, கட்டுக்கு வெளியே வெட்டி, முனையில் அயோடின் வையுங்கள்.

எப்போது டாக்டருக்கு ஓட வேண்டும் என்பதை அந்தத் தாளின் தலையிலேயே எழுதிவைத்திருந்தேன், தூக்கக் கலக்கத்தில் மூளை ஓடாது. முக்கி முக்கி அரை மணி நேரம் ஆகியும் குட்டி வரவில்லை என்றால். இன்னும் குட்டி இருக்கிறது என்று தெரிந்து, இரண்டு மணி நேரமாக ஒன்றும் வரவில்லை என்றால். முதல் குட்டி வருவதற்கு முன்பே பச்சையோ கருப்போ நீர் வந்தால் (முதல் குட்டிக்குப் பிறகு பச்சை வருவது சகஜம்). ரத்தம் கொட்டினால். குட்டி பாதி வந்து நின்றால் சுத்தமான துணியால் பிடித்து, அவள் முக்கும்போது மட்டும், கீழ்நோக்கி மெல்ல இழுத்துப் பார்க்கலாம், வரவில்லை என்றால் ஆட்டோ. டாக்டர் பக்கத்தில் இல்லாமல், பிரசவ வலியைத் தூண்டும் ‘வலி ஊசி’ போடச் சம்மதிக்காதீர்கள், குட்டி குறுக்கே கிடக்கும்போது அந்த ஊசி போட்டால் கருப்பையே கிழியும்.

விடிகாலை நாலரைக்கு ஆறாவதும் வந்தது. அது பிறக்கும்போதே உயிரோடில்லை. தேய்த்துப் பார்த்தேன், பத்து நிமிடத்துக்கும் மேலாக. இதற்கும் மனசைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உடனே பிடுங்கி எடுக்காமல் அவள் முகர்ந்து விலகிய பிறகு எடுத்துப் புறவாசல் வேப்பமரத்தடியில் புதைத்தேன்.

தராசு

இரண்டாவது நாளில் இருந்து உங்களுக்கு வேண்டிய ஒரே கருவி ஒரு சமையல் தராசு, கிராம் கணக்கில் காட்டும் எண் தராசு. டானிக்குக்குச் செலவழிக்கும் காசை இதற்குச் செலவழியுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு குட்டியையும் ஒரு கிண்ணத்தில் வைத்து எடைபோட்டு எழுதுங்கள். முதல் நாளில் ஒரு துளி குறைவது பரவாயில்லை. அதற்குப் பிறகு தினமும் ஐந்தில் இருந்து பத்து சதவீதம் ஏற வேண்டும், 300 கிராம் குட்டி என்றால் 15 முதல் 30 கிராம். பத்து நாளில் பிறந்த எடைக்கு இரட்டிப்பு. கண்ணுக்குக் கொழுகொழுவென்று தெரியும் குட்டிகூடத் தராசில் இறங்கிக்கொண்டிருக்கும். எல்லாம் ஒரே செவலை நிறமாக இருந்தால் அடையாளத்துக்குத் தோளில், இடுப்பில் என்று வேறு வேறு இடத்தில் ரோமத்தை லேசாகக் கத்தரித்துவிடுங்கள், கழுத்தில் நூல் கட்ட வேண்டாம்.

உயிரோடிருந்த ஐந்தில் கடைக்குட்டி பிறந்தபோது 260. மறுநாள் 252. மூன்றாம் நாள் 241. மற்றவை 330-ல் இருந்து 400-ஐத் தொட்டுவிட்டன. பார்த்தால் அது தின்கிற மாதிரிதான் இருந்தது, உற்றுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: காம்பைப் பிடித்ததும் பெரியது ஒன்று வந்து தள்ளிவிடும், இது வெறும் மடியை முட்டிக்கொண்டு தூங்கிப்போகும். பின்பக்கக் காம்புகளில் பால் கூடுதல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மற்றவற்றை ஒரு ஓலைப்பெட்டியில் ஒதுக்கிவிட்டு, இதை மட்டும் பின்காம்பில் இருபது நிமிடம் பிடித்து வைத்தேன். இரண்டு ராத்திரி. ஐந்தாம் நாள் 255, அப்புறம் நிற்கவே இல்லை.

பிறந்த முதல் 12 மணி நேரத்தில் எல்லாக் குட்டியும் சீம்பால் குடித்துவிட வேண்டும், நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் வருகிறது, ஒரு நாள் தாண்டினால் குடல் அதை ஏற்காது. தாய்க்குப் பால் இல்லாமல் போனால் கடையில் விற்கும் நாய்க்குட்டிப் பால்மாவுதான் சரி. நடுராத்திரியில் கிடைக்காவிட்டால் அந்த ஒரு ராத்திரிக்கு வெதுவெதுப்பான ஆட்டுப்பால். பாக்கெட் பசும்பாலில் நாய்ப்பாலில் இருக்கும் கொழுப்பும் புரதமும் பாதிகூட இல்லை, பேதியும் ஆகும். முதல் வாரம் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, குட்டியைக் குப்புற வைத்தே கொடுங்கள், மனிதக் குழந்தை மாதிரி மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போகும். குடித்த பிறகு வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடிப்பக்கத்தைத் துடைத்தால்தான் மூத்திரம் போகும், முதல் இரண்டு மூன்று வாரம் அது தானாகப் போகத் தெரியாது, தாய் நக்குவது அதற்குத்தான்.

குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் ஊற்றாதீர்கள், செரிக்காது, செத்துப்போகும். முதலில் உங்கள் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள், அப்புறம்தான் பால். முதல் வாரம் பெட்டிக்குள் 85 முதல் 90 பாரன்ஹீட் இருக்க வேண்டும். மழை ராத்திரியில் சுடுதண்ணீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு ஓரத்தில் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துபோக மறுபக்கம் வேண்டும். சித்திரை வெக்கையில் நம் ஊர் வீட்டுக்குள் அந்தச் சூடு தானாகவே இருக்கும், பல்பு எதுவும் வேண்டாம், ஜன்னலில் ஈரச்சாக்கு தொங்கவிட்டு மின்விசிறிக் காற்று நேரே படாமல் பாருங்கள். குட்டிகளைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்: ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர், ஆளுக்கொரு மூலையில் விலகிக் கிடந்து முனகினால் சூடு, பக்கத்தில் பக்கத்தில் படுத்து உறக்கத்தில் வெடுக்வெடுக்கென்று துடித்தால் சுகமாக இருக்கின்றன.

தாயைக் கவனியுங்கள்

எல்லோரும் குட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தாய்க்கு மூன்றாம் வாரத்தில் வழக்கத்தைவிட மூன்று மடங்கு வரை தீனி வேண்டும், தண்ணீர்ச் சட்டி ஒருபோதும் காயக்கூடாது. மடியைத் தினமும் தடவிப் பாருங்கள், ஒரு காம்பு மட்டும் கல்லாக, சூடாக, சிவந்து இருந்தால் மடிநோய். கீழே இருந்து பழுப்பும் சிவப்புமாகக் கசிவது சில வாரம் இருக்கும், அது நாறினால், காய்ச்சலும் இருந்தால் கருப்பையில் சீழ். இரண்டுக்கும் அன்றைக்கே டாக்டர்.

இதைவிட அவசரம் ஒன்று, பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் வாரத்தில். நாய் சும்மா மூச்சு வாங்கும், நிலைகொள்ளாது, நடை விறைக்கும், உடம்பு நடுங்கும். குளிர் நடுக்கம் என்று போர்த்திவிட்டு இருந்தால் வலிப்பு வந்து செத்துப்போகும். கால்சியம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். குட்டிகளைப் பிரித்துவிட்டு அந்த நிமிடமே கிளம்புங்கள், நரம்பில் மருந்து ஏற்றினால் கண்முன்னாலேயே எழுந்து நிற்கும்.

எந்தக் காரணத்துக்கும் நம் வீட்டு மாத்திரை, குறிப்பாகப் பாராசிட்டமால், தாய்க்கும் குட்டிக்கும் கொடுக்க வேண்டாம்.

கண் திறந்த பிறகு

பத்துப் பதினான்கு நாளில் கண் திறக்கும், மூன்றாவது வாரம் காது கேட்கும், பல் முளைக்கும், உங்கள் செருப்பு காணாமல் போகும். இரண்டாவது வாரத்தில் புழு மருந்து, தாய்க்கும் சேர்த்து, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எட்டு வாரம் வரை. வயிற்றுப்புழு தாயிடம் இருந்து கருவிலும் பாலிலும் வருவதால் பார்க்கச் சுத்தமாக இருக்கும் குட்டிக்கும் அது இருக்கும். அளவை எடை பார்த்து டாக்டர் சொல்வார், பார்த்தீர்களா, தராசு மறுபடியும். நாலாவது வாரம் கோழியும் சோறும் நன்றாக மசித்துக் கஞ்சிப் பதத்தில் தட்டையான தாம்பாளத்தில் வையுங்கள், முதல் நாள் தின்பதைவிட அதில் நடப்பதுதான் அதிகம். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை அடுத்தடுத்து 16 வாரம் வரை, வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். ஊசி முடியும்வரை தெருவில் இறக்க வேண்டாம்.

மூன்றாம் வாரத்தில் இருந்து குக்கர் விசில், மிக்ஸி, ஆச்சி பேச்சு, சைக்கிள் மணி எல்லாம் காதில் விழட்டும், வேறு வேறு ஆட்கள் தூக்கட்டும். இந்த வயதில் பழகுவதுதான் கடைசிவரை நிற்கும்.

கொடுப்பது

எட்டு வாரத்துக்கு முன்னால் ஒரு குட்டியையும் கொடுக்காதீர்கள், எவ்வளவு நெருக்கினாலும். ‘கடுவன் குட்டி மட்டும் போதும்’ என்பவர்கள்தான் வரிசையில் வருவார்கள், பொட்டைக் குட்டியை அடுத்த வருடம் பேருந்து நிலையத்தில் விட்டுவிடுகிறவர்களும் அவர்களேதான், அப்படி விட்டதில் ஒன்றுதான் நீங்கள் இப்போது பேறுகாலம் பார்த்த நாயே. நான் பொட்டைகளுக்கு முதலில் வீடு பார்த்துவிட்டுத்தான் கடுவன்களைப் பற்றிப் பேசவே தொடங்கினேன். கேட்கிறவர் வீட்டுக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். ஏற்கெனவே கட்டிப்போட்ட நாய் இருந்தால் அது எப்படி இருக்கிறது என்று பார்த்தால் போதும், வேறு கேள்வி வேண்டாம். கருத்தடைக்கு ஒத்துக்கொள்கிறவருக்கே குட்டி.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுக்காமல் சில நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாக அனுப்பினால் தாய்க்குப் பால் மெல்ல வற்றும், மடி கட்டாது. அதோடு தீனியையும் குறைத்துக்கொண்டே வாருங்கள், மடியைப் பிழிந்துவிட வேண்டாம், பிழியப் பிழியச் சுரக்கும். பால் வற்றியதும் கருத்தடைக்கு நாள் குறியுங்கள், அடுத்த பருவத்துக்கு வர அதற்கு நாலைந்து மாதமே போதும். வீடு கிடைக்காத நாயை, தையல் ஆறிய பிறகு எடுத்த அதே இடத்தில்தான் விட வேண்டும், 2023-ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன.

செவலையின் இடம் ஒரு பாலத்தடி. தண்ணீர் வடிந்துதான் இருந்தது. தையல் பிரித்த அன்று கயிற்றோடு அவளைக் கூட்டிக்கொண்டு வளவு வாசல்வரை வந்தேன். ஆச்சி தார்சாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “எங்கல கூட்டிட்டுப் போற?” என்றார். சொன்னேன். கீரையைப் பார்த்தபடியே, “ராத்திரிக்குச் சோறு கூடுதலா வடிச்சிட்டேன், நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றார்.